இடநெருக்கடியில் பிறக்கும் ஆற்றல்

வீட்டில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுக்கும் செம்புக் கம்பியை எலக்ட்ரீஷியன்கள் ‘ஒன் ஸ்கொயர் ஒயர்’ என்பார்கள். குறுக்குவெட்டுப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர். இரண்டு மூன்று மின்விசிறிகள் சேர்ந்து ஓடும்போது அதில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மின்னோட்டம் போகும். அதைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்று கணக்கிடப் பள்ளிப் பாடமே போதும். செம்பில் ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. அப்படி விடுபட்டுத் திரியும் கட்டுறா எலக்ட்ரான்கள் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை என்றால், 85 என்று எழுதி அதன்பின் 21 சுழியங்கள் போட வேண்டும். இத்தனை இருப்பதால் ஒவ்வொன்றும் மிக மெல்ல நகர்ந்தாலே ஓர் ஆம்பியர் தேறிவிடும். கணக்கின் விடை நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்னோட்டமாக இருந்தால் ஒரு மீட்டர் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நம் வீட்டுக்கு வருவதோ நொடிக்கு 50 சுற்று அலையும் மாறுமின்னோட்டம். அதில் எலக்ட்ரான்கள் ஊர் போய்ச் சேர்வதே இல்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கு இப்படியும் அப்படியும் அசைகின்றன, அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரியக் காரணம், மின்புலம் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகக் கம்பி நெடுகப் பரவி, ஆங்காங்கே இருக்கும் எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒரே நேரத்தில் அசைத்துவிடுவது.

இது பலருக்கும் தெரிந்த செய்தி. இந்த மெல்லிய அசைவுக்கு அடியில் இருக்கும் இன்னொரு வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. ஸ்விட்ச் அணைந்து கிடக்கும்போதும், அதே கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நொடிக்கு 15.7 லட்சம் மீட்டர் வரை வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு அரை நொடிகூட ஆகாது. எல்லாத் திசைகளிலும் சம அளவில் பாய்வதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, மொத்த மின்னோட்டம் சுழியாக நிற்கிறது. கம்பியைத் தனிச்சுழி வெப்பநிலைவரை, அதாவது மைனஸ் 273 டிகிரிவரை, குளிர வைத்தாலும் இந்தப் பாய்ச்சல் தணிவதில்லை. குளிர்ந்தால் அசைவு அடங்கும் என்று நாம் கற்ற வெப்பவியலுக்கு இது ஒத்துவரவில்லை. உலோகத்துக்குள் எலக்ட்ரான்களின் ஆற்றல் வெப்பத்தால் வந்ததன்று. இருக்க இடம் போதாததால் வந்தது. இதைப் புரிந்துகொள்ள இயற்பியலுக்கு 27 ஆண்டுகள் ஆயின.

1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். மூன்றே ஆண்டுகளில், 1900-ல், ஜெர்மனியின் பால் ட்ரூடே ஒரு துணிச்சலான படத்தை வரைந்தார். உலோகம் என்பது அசையாத நேர் அயனிகளின் அடுக்கு. அதற்கிடையே எலக்ட்ரான்கள் ஒரு வாயுவைப்போல் திரிகின்றன. அயனிகளில் மோதித் திரும்புகின்றன. புட்டியில் அடைத்த ஹீலியத்துக்குப் பொருந்தும் அதே இயக்கக் கொள்கையை எலக்ட்ரான்களுக்கும் பொருத்தினார். ஓமின் விதி தானாக வந்து விழுந்தது. அதைவிடப் பெரிய வெற்றி ஒன்றும் கிடைத்தது. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகமே வெப்பத்தையும் நன்கு கடத்தும், இரண்டுக்குமான விகிதம் எல்லா உலோகங்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்று வீடமான், ஃப்ரான்ஸ் இருவரும் 1853-லேயே அளந்து சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அரை நூற்றாண்டாக யாருக்கும் தெரியவில்லை. இரண்டையும் சுமப்பது ஒரே எலக்ட்ரான் கூட்டம் என்று ட்ரூடே காட்டினார். அந்த விகிதத்தின் எண்மதிப்பும் அளவீட்டோடு பிரமாதமாகப் பொருந்தியது.

மின்னோட்டத்தைச் சுமப்பது எலக்ட்ரான்தான் என்பதற்கும் பின்னர் நேரடிச் சான்று வந்தது. 1916-ல் அமெரிக்காவில் டோல்மனும் ஸ்டூவர்ட்டும் ஒரு கம்பிச் சுருளை அதிவேகமாகச் சுழற்றித் திடீரென்று நிறுத்தினார்கள். கம்பி நின்றது, உள்ளே இருந்தவை நிற்கவில்லை. அவை கொஞ்சம் முன்னோக்கிச் சறுக்கியதால் ஒரு சிறு மின்துடிப்பு எழுந்தது. மின்கலமோ காந்தமோ இல்லாமல், வெறும் சடத்துவத்தால் பிறந்த மின்னோட்டம் அது! அதை அளந்து, சுமப்பவற்றின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டபோது எலக்ட்ரானின் விகிதத்துக்கு அருகிலேயே வந்தது.

ஆக எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கின்றன, கட்டில்லாமல் திரிகின்றன. அப்படியானால் அவை சூட்டையும் உறிஞ்ச வேண்டுமே? இங்கேதான் ட்ரூடேயின் படம் முட்டிக்கொண்டது.

ஒரு மோல் செம்பை, அதாவது 63.5 கிராமை, ஒரு டிகிரி சூடாக்க 24.4 ஜூல் ஆற்றல் தேவை. அணுக்களின் அதிர்வுக்கு மட்டும் எவ்வளவு தேவை என்று 1819-ல் டுலாங், பெட்டி இருவரும் கண்ட விதி சொல்கிறது: ஏறத்தாழ 25 ஜூல். அணுக்களே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டன. எலக்ட்ரான்கள் உண்மையிலேயே வாயுவாக இருந்தால் அவற்றுக்கென்று இன்னொரு 12.5 ஜூல் செலவாக வேண்டும். மொத்தம் 37-ஐத் தாண்ட வேண்டும். அளவீட்டில் அதன் அடையாளமே இல்லை. எலக்ட்ரான்கள் மிகச் சில என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் மின்கடத்தல் கணக்கு கவிழ்ந்துவிடும். மின்சாரத்தைக் கடத்தும்போது எல்லா எலக்ட்ரான்களும் கையில் இருக்கின்றன. சூடாக்கும்போது ஒன்றுகூட இல்லாததுபோல் மறைந்துகொள்கின்றன. லோரன்ட்ஸ் 1905-ல் இன்னும் கறாரான கணக்குப் போட்டுப் பார்த்தார். புதிர் அப்படியே நின்றது. ட்ரூடே 1906-ல், 42 வயதில், இறந்துபோனார். தன் படத்தில் எது சரி, எது பிழை என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதற்குத் தேவையான விதி அப்போது யார் மனத்திலும் உதிக்கவில்லை.

அந்த விதி உலோகத்தைப் பற்றி யோசித்து வந்ததன்று. தனி அணுக்கள் உமிழும் ஒளியின் நிறமாலைக் கோடுகளோடு மல்லாடிக்கொண்டிருந்த வுல்ஃப்காங் பௌலி, 1925-ல், ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரானுக்கு மேல் இருக்க முடியாது என்று சொன்னார். எதிரெதிர்த் தற்சுழற்சி உள்ள இரண்டு, ஒரே அலைவடிவத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், மூன்றாவதற்கு இடமில்லை. மறு ஆண்டே இத்தாலியில் என்ரிக்கோ ஃபெர்மியும் கேம்பிரிட்ஜில் பால் டிராக்கும் தனித்தனியாக, இந்த விதிக்குக் கட்டுப்பட்ட துகள்கூட்டம் ஆற்றலை எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்று கணித்தார்கள்.

கோயில் தெப்பக்குளத்தின் படிக்கட்டை நினைத்துக்கொள்ளலாம். அடிப்படியின் சுற்றளவு குறைவு. மேலே வரவரச் சுற்றளவு கூடும், உட்காரும் இடங்களும் கூடும். ஓர் இடத்தில் ஒருவர்தான் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டு, வற்றிய குளத்தில் கூட்டம் அடியிலிருந்து நிரம்பி வருகிறது என்று கொள்வோம். கடைசியாக வந்தவர் மேலே உட்கார்ந்திருப்பது அவர் துள்ளி ஏறியதால் அல்ல, கீழே இடமில்லாததால். இப்போது எல்லாரையும் ஒரு படி மட்டும் ஏறச் சொன்னால், நடுவில் இருப்பவரால் முடியாது. மேற்படியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. காலி இடத்தை ஒட்டி, மேல்விளிம்பில் இருப்பவர்களால் மட்டுமே நகர முடியும்.

உலோகத்தில் படி என்பது ஆற்றல் நிலை. எலக்ட்ரான் ஓர் அலையாகவும் நடந்துகொள்வதால், மிக நீண்ட அலைகளுக்கு ஆற்றல் மிகக் குறைவு. அவை முதலில் நிரம்பிவிடுகின்றன. அடுத்து வருபவை இன்னும் குறுகிய அலைகளாகத்தான் இருந்தாக வேண்டும். அலைநீளம் குறையக் குறைய உந்தம் கூடும், வேகமும் கூடும். செம்பின் அத்தனை எலக்ட்ரான்களையும் இப்படி அடுக்கி முடிக்கும்போது, உச்சியில் இருப்பவற்றின் அலைநீளம் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவாக ஒடுங்கிவிடுகிறது. அந்த உச்சிக்குப் பெயர் ஃபெர்மி மட்டம். செம்பில் அது அடிமட்டத்திலிருந்து 7 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. சராசரி எலக்ட்ரானின் ஆற்றல் அதில் ஐந்தில் மூன்று பங்கு, 4.2 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் ஒரு வாயுத் துகளுக்கு வெப்பம் கொடுக்கும் ஆற்றல் 0.04 எலக்ட்ரான் வோல்ட்தான். நூற்றில் ஒரு பங்கு. 7 எலக்ட்ரான் வோல்ட்டை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் 80,000 கெல்வினைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின். கையில் சில்லென்று இருக்கும் செம்புக் கம்பிக்குள் இத்தனை ஆற்றல் இருந்தும் நம் விரல் சுடாமலிருக்கக் காரணம், அந்த ஆற்றலை அவற்றால் வெளியே கொடுக்க முடியாது என்பதே. கொடுத்தால் கீழே இறங்க வேண்டும், இறங்க இடமில்லை.

இதை உலோகங்களுக்கு முழுமையாகப் பொருத்திப் பார்த்தவர் ம்யூனிக் பல்கலைக்கழகத்தின் அர்னால்ட் ஸோமர்ஃபெல்ட். ஆண்டு 1927. வெப்பப் புதிர் சில பக்கக் கணக்கில் கரைந்தது. அறை வெப்பநிலையில் வெப்பத்தால் அசைக்க முடிவது ஃபெர்மி மட்டத்தை ஒட்டிய மெல்லிய விளிம்பை மட்டுமே. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான எலக்ட்ரான்கள். 12.5 ஜூல் வர வேண்டிய இடத்தில் 0.2 ஜூல்தான் வருகிறது. 24.4-ல் அது யார் கண்ணுக்கும் படாது.

ட்ரூடேயின் அந்தப் பிரமாதமான விகிதமும் விளங்கியது. அவர் எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறனை நூறு மடங்கு அளவில் கூட்டி எடுத்துக்கொண்டார். அவற்றின் வேகத்தின் வர்க்கத்தை ஏறத்தாழ அதே அளவில் குறைத்து எடுத்துக்கொண்டார். இரண்டு பெரும் பிழைகளும் பெருக்கலில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. மிச்சமிருந்த இரண்டு மடங்கு இடைவெளியைக் கணக்கில் நேர்ந்த ஒரு சிறு தவறு நிரப்பிவிட்டது. அளவீட்டோடு பொருந்திவிட்டது என்பதற்காகவே ஒரு கோட்பாட்டை ஏற்றுக்கொள்ளத் துடிக்கும் எவரும் இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்பேன்.

0.2 ஜூல் வெறும் கணக்குத்தானா? இல்லை, அளந்தார்கள். குளிரக் குளிர அணு அதிர்வின் பங்கு வெப்பநிலையின் முப்படி விகிதத்தில் சரிகிறது என்று டிபை 1912-ல் காட்டியிருந்தார். எலக்ட்ரானின் பங்கோ நேர்விகிதத்தில்தான் குறைகிறது. ஆகவே போதுமான குளிரில் எலக்ட்ரான்கள் அணுக்களை முந்த வேண்டும். செம்பில் இது ஏறத்தாழ 4 கெல்வினுக்குக் கீழே நடக்கும். திரவ ஹீலியம் கைவசம் இருந்த லைடன் ஆய்வகத்தில் 1930-களில் கீஸோம் குழுவினர் உலோகங்களை அந்தக் குளிருக்குக் கொண்டுபோய், எலக்ட்ரான்களுக்குரிய அந்த நேர்விகிதப் பங்கைப் பிரித்தெடுத்தார்கள்.

இடநெருக்கடிக்கு இன்னொரு விளைவும் உண்டு. உலோகத்தை அமுக்கினால் எலக்ட்ரான்களின் இடம் இன்னும் சுருங்கும், அலைகள் இன்னும் குறுகும், எல்லாவற்றின் ஆற்றலும் ஏறும். அவை எதிர்த்துத் தள்ளும். செம்பில் இந்த எதிர்ப்பழுத்தம் மூன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கும் அதிகம். அணுக்கருக்களின் ஈர்ப்பு அதை உள்ளே பிடித்துவைத்திருப்பதால் துண்டு வெடித்துச் சிதறுவதில்லை. ஆனால் செம்பை அமுக்கிச் சிறிதாக்குவது ஏன் அவ்வளவு கடினம் என்பதில் பெரும் பங்கு இதற்குத்தான். வெப்பநிலையோடு தொடர்பே இல்லாத அழுத்தம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1928-ல் ஸோமர்ஃபெல்ட் இந்தியா வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் ஒருவர், அவருடைய அணு அமைப்பு நூலை முழுவதும் படித்திருந்த தைரியத்தில், விடுதி அறைக்கே போய் அவரைச் சந்தித்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் எல்லாம் பழசாகிவிட்டது என்று ஸோமர்ஃபெல்ட் சொன்னார். புதிய குவாண்டம் இயக்கவியலையும் ஃபெர்மி, டிராக் புள்ளியியலையும் விளக்கினார். உலோக எலக்ட்ரான்கள் பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அந்த மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சில மாதங்களில் அந்தப் புதிய புள்ளியியலை வைத்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் வழியாக 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது.

அந்த ஃபௌலர்தான் 1926-லேயே இதே விதியை விண்மீனுக்குப் பொருத்தியிருந்தார். சிரியஸ் விண்மீனின் துணையான சிரியஸ் பி ஒரு வெண்குறுமீன். நிறை சூரியன் அளவு, உருவம் பூமி அளவு. அதன் பொருள் ஒரு கன சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் கனக்கும். எரிபொருள் தீர்ந்து ஆறிவரும் அந்த உடலை நசுங்காமல் தாங்குவது எது? செம்புக் கம்பியை நசுங்கவிடாத அதே எலக்ட்ரான் நெருக்கடிதான் என்றார் ஃபௌலர். வெப்பத்தைச் சாராத அழுத்தம் என்பதால் விண்மீன் எவ்வளவு ஆறினாலும் அது குன்றாது.

1930 ஜூலை கடைசியில் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். பயணத்தில் ஃபௌலரின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்டார். நிறை கூடக் கூட நெருக்கடி கூடும், எலக்ட்ரான்களின் வேகமும் கூடும். ஆனால் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாதே? அந்த எல்லையை நெருங்கும்போது, எவ்வளவு அமுக்கினாலும் வேகம் கூட மறுக்கிறது. எதிர்ப்பழுத்தம் ஈர்ப்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. ஆக ஒரு நிறைக்கு மேல் வெண்குறுமீனே இருக்க முடியாது. இன்றைய மதிப்பில் சூரியனைப்போல் 1.4 மடங்கு. வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் 1935-ல் இதைப் பொதுமேடையில் மறுத்தார். அவருடைய செல்வாக்கால் பல ஆண்டுகள் அது உரிய கவனம் பெறவில்லை. சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு வந்தது. உலோகக் கம்பியைப் பற்றிய ஓர் அச்சுப்படி சென்னையில் கைமாறியதற்கும் விண்மீன்கள் இடிந்து வீழும் எல்லைக்கும் இடையே இரண்டே ஆண்டுகள் என்பது எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

உலோகத்துக்குத் திரும்புவோம். ஸோமர்ஃபெல்ட் தீர்க்காமல் விட்ட ஒரு பெரிய விஷயம் மின்தடை. எலக்ட்ரான் அயனிகளில் மோதுவதால் மின்தடை வருகிறது என்பது ட்ரூடேயின் எண்ணம். ஆனால் அறை வெப்பநிலையில் செம்பின் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஏறத்தாழ 40 நானோமீட்டர் போகிறது. நூற்றைம்பது அணுக்களைத் தொடாமல் கடந்துபோவது எப்படி? ஹைசன்பர்க்கிடம் லைப்சிக்கில் ஆய்வு செய்த ஃபெலிக்ஸ் ப்ளோக் 1928-ல் விடை சொன்னார்: அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் எலக்ட்ரான் அலை அவற்றினூடே சிதறாமல் போய்விடும். அணு இருப்பதால் தடை வருவதில்லை. அடுக்கு குலைவதால் வருகிறது. வெப்ப அதிர்வு அடுக்கைக் குலைக்கும், வேற்று அணுக்கள் குலைக்கும். மிகத் தூய செம்பைத் திரவ ஹீலியக் குளிருக்குக் கொண்டுபோனால் எலக்ட்ரான் மில்லிமீட்டர் கணக்கில் தடையில்லாமல் போகிறது. எவர்சில்வர் கரண்டியின் காம்பு சீக்கிரம் சுடாததும் இதனால்தான். இரும்போடு குரோமியமும் நிக்கலும் கண்டபடி கலந்து கிடப்பதால் எலக்ட்ரான் அடிக்கு அடி சிதறுகிறது. வெப்பக் கடத்துத்திறன் செம்பில் 400 என்றால் எவர்சில்வரில் 15-தான்.

அடுக்கே இல்லாத உருகிய உலோகத்தில் என்ன ஆகும்? அதைத் தொட்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு ஒளிச்சிதறலில் உழைத்த அதே கிருஷ்ணன். அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து 1945-ல், திரவ உலோகம் எக்ஸ் கதிர்களை எப்படிச் சிதறடிக்கிறது என்ற அளவீட்டிலிருந்தே அது எலக்ட்ரான் அலைகளை எப்படிச் சிதறடிக்கும் என்று கணித்து மின்தடையைப் பெற வழி காட்டினார். 1961-ல் ஜான் ஸைமன் விரிவாக வளர்த்த கோட்பாட்டுக்கு இதுவே முன்னோடி. கிருஷ்ணன் என்றாலே ராமன் விளைவோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்த வேலையையும் நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

‘கட்டுறா’ என்ற அடைமொழி எல்லா உலோகங்களுக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. 1879-ல் எட்வின் ஹால் கண்ட விளைவை வைத்து, மின்னோட்டத்தைச் சுமப்பவை எதிர்மின்னூட்டம் கொண்டவையா என்று சோதிக்கலாம். சோடியமும் செம்பும் ஆம் என்கின்றன. துத்தநாகமும் பெரிலியமும் நேர்மின்னூட்டம் என்கின்றன! ஏறத்தாழ நிரம்பிவிட்ட ஆற்றல் பட்டையில், அதாவது ஆற்றல் நிலைகளின் தொகுதியில், மிஞ்சும் காலி இடமே நேர்மின்னூட்டத் துகளைப்போல் நகரும் என்று பீயர்ல்ஸ் 1929-ல் விளக்கினார்.

குளிரில் எலக்ட்ரானின் வெப்பப் பங்கை அளக்கும் முறையோ இன்றைக்கும் ஆய்வகங்களில் முதல் கருவி. அந்தப் பங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு எலக்ட்ரான் ‘கனமாக’ நடந்துகொள்கிறது என்று பொருள். 1975-ல் ஆண்ட்ரெஸ், கிரேப்னர், ஓட் மூவரும் சீரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு சேர்மத்தை ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர வைத்து அளந்தார்கள். அணுக்களோடும் தங்களுக்குள்ளும் பின்னிக்கொண்ட அந்த எலக்ட்ரான்கள், செம்பில் இருப்பதைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பப் பங்கைக் காட்டின. அவற்றுக்கும் ஃபெர்மி மட்டம் உண்டு, பௌலியின் விதியும் உண்டு. ஆனால் செம்பில் எண்பதாயிரம் கெல்வின் உயரத்துக்கு எழுந்து நிற்கும் படிக்கட்டு, அங்கே சில கெல்வின் உயரத்துக்குள் நெரிந்து கிடக்கிறது.